ஒரு சுத்து

அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பந்தயத் தடத்தில் யாருக்கும் தெரியாது. "ஒரு சுத்து வீடு எங்கே?" என்று கேட்டால் வாசல் காவல்காரர் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். பார்வையாளர் ஸ்டாண்டுக்கு அடியில், படிகள் சரிந்து இறங்கும் இடத்தில் ஒன்றரை அறை. ஒரு பக்கம் நிமிர்ந்து நடக்கலாம். மறுபக்கம் போகப்போகக் கூரை இறங்கி, கடைசியில் தவழ வேண்டும். தவழும் பக்கத்தில் படுக்கை. நிமிரும் பக்கத்தில் அவர் மனைவியின் தையல் மெஷின். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அறையில் அவள் தலை இடிபடாத இடம் கிடையாது.

தடத்துக்குக் கொடி தைப்பது அவள்தான். மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் வெட்டி விளிம்படித்தால் முடிந்தது. கட்டம்போட்ட கொடிதான் உயிரை வாங்கும். கறுப்பும் வெள்ளையுமாகத் துண்டு துண்டாக ஒட்டுப்போட வேண்டும். ஒரு மூலை பிசகினாலும் காற்றில் விரியும்போது கோணல் பல்லைக் காட்டிச் சிரிக்கும். கறுப்புத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் தைப்பாள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே வெள்ளை அத்தனையும் சாம்பலாகிவிடும்.

அவள் வந்த காலத்தில் தடம் ஜேஜே என்று இருந்தது. எப்போதோ ஒரு சண்டைக்கு விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அது. சண்டை முடிந்து மாடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தை, எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடும் முதலாளி வாங்கி, இரண்டு முனைகளையும் வளைத்து இணைத்து, ஸ்டாண்ட் கட்டி, பந்தயம் விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைக்கு மேலே ஊரே உட்கார்ந்திருக்கும். அவர்கள் எழுந்து குதித்தால் இங்கே சுண்ணாம்பு உதிர்ந்து தட்டில் விழும். அவள் தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டாள். பேசுவதும் வண்டிகள் அந்தப் பக்கம் போயிருக்கும்போதுதான். அவர்கள் வீட்டுச் சண்டைகூட விட்டு விட்டுத்தான் நடக்கும். வண்டிகள் கடந்து போகும் வரை இருவரும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

அவர் அப்போது தலைமைக் கொடிக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் கொடி மேடையில் ஏறி நின்றால் மாப்பிள்ளை மாதிரி இருப்பார். எத்தனை சுற்று ஆயிற்று என்று கோபுரத்திலிருந்து டெலிபோனில் சொல்வார்கள். அந்த டெலிபோன் பாதி நாள் இரைச்சல்தான். அதனால் அவர் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். எத்தனை சுற்றோ அத்தனை ஊக்குகளைச் சட்டையின் இடது பக்கம் வரிசையாக அவள் குத்திவிட வேண்டும். முன்னணி வண்டி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒன்றைக் கழற்றி வலது பக்கம் குத்திக்கொள்வார். இடது பக்கம் ஒரே ஊக்கு மிஞ்சியதும் கட்டக்கொடியைக் கையில் எடுப்பார், அடுத்த முறை முன்னணி வண்டி வரும்போது வீசுவார்.

கோப்பைப் பந்தயத்தன்று டெலிபோன் செத்துக் கிடந்தது. முன்னால் போனவர் ஒரு பல் டாக்டர். அவர் வண்டியின் வாலைப் பிடித்தபடி வந்தவர் பெரியவரின் மகன், சின்னவர். கடைசிக்கு முந்தின சுற்றில் டாக்டர் வண்டி புகைய ஆரம்பித்துவிட்டது, கடைசிச் சுற்றில் சின்னவர் முந்திவிடுவார் என்று குருடனுக்கும் தெரிந்தது. ஆனால் அந்தக் கடைசிச் சுற்று நடக்கவே இல்லை. ஒரு சுற்று மிச்சமிருக்கும்போதே இவர் கட்டக்கொடியை விசிறிவிட்டார். கட்டக்கொடி இறங்கிவிட்டால் பந்தயம் முடிந்தது. எத்தனை சுற்று பாக்கியிருந்தாலும் அந்த நிமிஷம் யார் முதலோ அவருக்கே கோப்பை. அது சட்டம். பல் டாக்டர் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். சின்னவர் அதற்குப் பிறகு எட்டு வருடம் ஓட்டினார்; மூன்றாவதாகக்கூட வரவில்லை.

விசாரணையில் இவர் சட்டையின் வலது பக்கத்தைக் காட்டி, "ஊக்கு இவ்வளவுதாங்க இருந்துச்சு" என்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு சுத்து என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் சொன்ன வார்த்தை, "நீ ஒண்ணு குறைச்சுக் குத்திட்டே."

"நான் எண்ணிக் குத்தினேன். நீங்கதான் ஒண்ணை எங்கேயோ தவற விட்டுட்டு வந்து நிக்கிறீங்க."

"சட்டையை உள்ளே சொருகு சொருகுன்னு இழுத்தியே, அப்ப விழுந்திருக்கும்."

"ஆமா, விழுந்துது. உங்க புத்தி எங்க விழுந்துதோ அங்கேயே தேடுங்க."

அந்தச் சண்டை தீரவே இல்லை. இருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோதும், மகளுக்கு வரன் பார்த்தபோதும், அடுப்பில் கேஸ் தீர்ந்தபோதும் அந்த ஒற்றை ஊக்கு எங்கிருந்தாவது வந்து குத்தும். ஒருமுறை கோபத்தில் அவளும் சொல்லிவிட்டாள், "போய்யா, ஒரு சுத்து." அடுத்த தடவை அவளுக்கு அது இன்னும் சுலபமாக வாயில் வந்தது.

எல்லோரும் எதிர்பார்த்தது, சின்னவர் அவரை விரட்டிவிடுவார் என்று. சின்னவர் விரட்டவில்லை. கொடியைப் பிடுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார். தடத்தில் சிந்திய எண்ணெய்க்கு மணல் போடும் வேலை, கழிவறை வேலை, பிறகு காவல். விருந்தாளி யார் வந்தாலும் கூப்பிடுவார்: "யாரங்கே, ஒரு சுத்தை வரச் சொல்லு." இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். "இவர்தான் அவர். எனக்குக் கோப்பை கொடுக்காத மகராசன். சொல்லுங்க, எத்தனை ஊக்கு?" இவர் சொல்ல வேண்டும். அவர்கள் சிரிக்க வேண்டும். இவரும் கொஞ்சம் சிரிக்க வேண்டும். ஒரு மனிதனை வேலையை விட்டு நீக்கினால் ஒரு நாள் தண்டனை. வைத்துக்கொண்டால் ஆயுள் முழுக்க என்று சின்னவருக்குத் தெரிந்திருந்தது.

மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்து, "சம்பந்தி கொடி காட்டாம இருந்தாச் சரி, இல்லேன்னா பாதிக் கல்யாணத்துல பந்தியைத் தூக்கிடுவாங்க" என்றார். மண்டபமே சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் போனில் பேசுவது, "சாப்பிட்டீங்களா, அம்மாகிட்டக் குடுங்க" என்பதோடு சரி.

தடமும் தேய்ந்தது. கடைக்கோடி வளைவில் ஒரு வண்டி சுவரைத் தாண்டிக் கூட்டத்தில் விழுந்து, செத்துப்போனவர்களின் செருப்புகளைச் சாக்கில் அள்ளிய வருடத்தோடு கேட்டைப் பூட்டினார்கள். திறந்தபோது வேறு ஊரில் பளபளவென்று புதுத் தடம் வந்திருந்தது. இங்கே விற்காத கார்களை வரிசையாக நிறுத்தி வாடகை வாங்கினார்கள். ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் நேர்சாலையில் முக்கி முக்கிப் போனார்கள். புது ஜோடிகள் டயர் அடுக்குகளின் மேல் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தார் வெடிப்பில் புல் முளைத்தது, ஸ்டாண்ட் கூரைத் தகரத்தில் பாதி திருடுபோனது. பெரியவர் போய்ச் சேர்ந்தார். சின்னவரும் தலை நரைத்து, தொப்பை விழுந்து, இன்னும் சின்னவராகவே இருந்தார்.

கடைசியில் சின்னவர் இடத்தை விற்றுவிட்டார். தனித்தனி வீடுகள் வரப்போகின்றன. ஸ்டாண்டை மட்டும் இடிக்காமல் வெள்ளையடித்து, குடியிருப்போர் கிளப் ஆக்குவார்களாம். அதற்கு முன் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கடைசியாக ஒரு பந்தயம், பத்தே சுற்று. பல் டாக்டர்கூட வருகிறார்.

கொடி காட்டப்போவது பழைய கொடிக்காரரான அவர்தான் என்று ஆள் வந்து சொன்னபோது, அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்து கூரையில் நச்சென்று இடித்துக்கொண்டார். வலிக்கவில்லை போலிருந்தது.

"கேட்டியா? என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"கேட்டேன்."

"பத்து சுத்து. சரியா பத்தாவதுல இறக்கிட்டு, மேடையை விட்டு இறங்கி வந்துடறேன். அது போதும் எனக்கு. அப்புறம் செத்தாலும் சரி."

"செத்தா நான்தானே எல்லாம் பாக்கணும். சும்மா இருங்க."

அவருக்குக் கண் மங்கிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் வருவது ஆணா பெண்ணா என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்வார். ஆனால் காது மட்டும் பழைய காது. வண்டி எத்தனையாவது கியரில் திரும்புகிறது என்று படுத்தபடியே சொல்வார். அன்றிலிருந்து ஒரு வாரம், குச்சியில் துண்டைக் கட்டிக்கொண்டு, தொடக்கக் கோட்டில் போய் நின்று வீசிப் பார்த்தார். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் பயந்துபோய் டயர் அடுக்கில் மோதினாள்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு அவர் பால் வாங்கப் போயிருந்தபோது சின்னவர் வந்தார். உள்ளே வந்தவர் குனியத் தெரியாமல் இடித்துக்கொண்டார்.

"என்னம்மா, கொடி ரெடியா?"

"ஆச்சுங்க ஐயா. உட்காருங்க."

அவர் கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார். "கிளப் ஆனதும் இந்த ரூமையெல்லாம் காலி பண்ணச் சொல்லுவாங்க, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"எங்க போவீங்க?"

அவள் மெஷினின் சக்கரத்தைச் சுற்றினாள். முந்தின வாரம்தான் மகளிடம் கேட்டிருந்தாள். மகள் சுற்றி வளைக்கவில்லை. "நீ மட்டும்னா வாம்மா. குழந்தையைப் பாத்துக்க எனக்கும் ஆள் வேணும். அப்பாவை ஏதாவது இல்லத்துல சேத்துடலாம். அவர் இங்க வந்தா மாமனார் வீட்டு ஆளுங்க வாயை யார் மூடறது?"

"நான் சொன்னா அவங்க கேப்பாங்க" என்றார் சின்னவர். "வித்த பத்திரத்துலயே இந்த ரூமை மட்டும் உங்களுக்குன்னு எழுதிடலாம். உங்க ரெண்டு பேர் காலம் வரைக்கும். ஆனா எனக்கு ஒரு ஆசை இருக்கு."

"சொல்லுங்கய்யா."

"பத்து ஊக்கு வேண்டாம். ஒன்பது குத்து."

மெஷினின் சக்கரத்தில் அவள் கை நின்றது.

"வர்றவங்க எல்லாரும் அதைப் பாக்கத்தாம்மா வர்றாங்க. சட்டையெல்லாம் அடிச்சாச்சு, நெஞ்சுல ஊக்குப் படம் போட்டு. வண்டிக்காரங்ககிட்டயும் சொல்லியாச்சு. அவர் கொடியை இறக்குவார், நாங்க நிக்காம இன்னொரு சுத்து போவோம். அந்தச் சுத்துல நான் டாக்டரை முந்துவேன். அவ்வளவுதான். எனக்கு வரவேண்டிய சுத்து. முப்பது வருஷமா காத்திருக்கேன்."

"அவருகிட்டயே சொல்லிடலாங்களே. வேடிக்கைக்குன்னு சொன்னா செய்வாரு."

"தெரிஞ்சு செஞ்சா அது நாடகம்மா" என்று எழுந்தார் சின்னவர். இந்த முறை ஞாபகமாகக் குனிந்துகொண்டார். "அதுல சிரிப்பு வராது."

பந்தயத்தன்று காலையில் அவர் குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். "குத்து. ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே குத்து." அவள் பத்து ஊக்கு குத்தினாள். அவர் நம்பவில்லை, விரலால் தடவித் தடவி மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை எண்ணினார். பத்து. "இன்னிக்கு ஒருத்தன் என்னை ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். பிறகு, "உன்னையும்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அது அவருடைய சமாதானம். அதைவிடப் பெரிதாக அவருக்குச் சொல்லத் தெரியாது.

அவள் கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்டாண்டில் இத்தனை கூட்டத்தை அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. எல்லோரும் ஒரே மாதிரிச் சட்டை.

"நெஞ்சுல என்னவோ போட்டிருக்காங்களே, என்னது?" என்று கேட்டார் அவர்.

"ஏதோ கம்பெனி அடையாளம்."

மேடை ஏறுவதற்கு முன் அவர் நின்று, "சட்டை சரியா இருக்கா பாரு" என்றார். அவள் காலரை இழுத்துவிட்டாள். தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள். சட்டை நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கை கீழே வந்தபோது கடைசி ஊக்கு விரல்களுக்கு இடையில் இருந்தது. தையல்காரிக்கு அது ஒரு வேலையே இல்லை. பழக்கத்தில் அதை உதட்டுக்கு இடையில் வைத்துக்கொண்டாள்.

"சரியா இருக்கா?"

வாயைத் திறக்காமல், "ம்" என்றாள்.

வண்டிகள் கிளம்பின. கிழட்டு வண்டிகள், கிழட்டு ஆட்கள். ஆனால் சத்தம் மட்டும் பழையபடி நெஞ்சில் வந்து இடித்தது. அவர் நிமிர்ந்து நின்றார். பல் டாக்டரின் வண்டி கோட்டைத் தாண்டுவதைக் காதால் கேட்டு ஓர் ஊக்கைக் கழற்றினார், வலது பக்கம் குத்தினார். ஒவ்வொரு முறையும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் அதை மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும், முதுகு இன்னும் கொஞ்சம் நேரானது. அவள் மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாவது சுற்றில் கத்திவிடலாம் என்று தோன்றியது. ஏழாவதிலும் தோன்றியது. கூரை ஒரு பக்கம் சரிந்த அந்த ஒன்றரை அறையும், எங்கோ ஓர் இல்லத்தில் யார் என்று தெரியாதவர்கள் நடுவில் கண் தெரியாமல் அவர் தட்டைத் துழாவுவதும் கண்முன் வந்தன. ஊக்கைக் கடித்துக்கொண்டாள்.

இடது பக்கம் ஒன்று மிஞ்சியது. அவர் கட்டக்கொடியை எடுத்தார். அவள் தைத்ததிலேயே நல்ல கொடி அது, ஒரு மூலைகூடப் பிசகவில்லை. டாக்டரின் வண்டி வந்தது. இரண்டு கையாலும் எட்டுப் போட்டு வீசினார், அந்த நாள் கொடிக்காரர் மாதிரியே.

ஸ்டாண்ட் வெடித்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது கைதட்டல் என்று நம்பினார். பிறகு காது வேலை செய்தது. பந்தயம் முடிந்தால் வண்டிகள் முதல் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும். எதுவும் குறைக்கவில்லை. அத்தனையும் முழு வேகத்தில் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒலிபெருக்கி கத்தியது: "மறுபடியும் ஒரு சுத்து! ஆளு மாறவே இல்லைங்க!" ஆயிரம் பேர் கையில் ஊக்கைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார்கள். கொடி அவர் கையிலிருந்து தொங்கியது. பத்தாவது சுற்றில் சின்னவர், ஓரமாக ஒதுங்கி வழிவிட்ட டாக்டரைத் தாண்டி, முதலாவதாக வந்தார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே அழுதார்.

அவர் மேடையிலிருந்து இறங்கவில்லை. அவள்தான் ஏறிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் கடைசி ஊக்கையும் மாற்றிக் குத்தி, வலது பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. ஒன்பது.

வழியெல்லாம் அவர் விரல் ஊக்குகளின் மேலேயே இருந்தது. அறைக்குள் வந்ததும் இடித்துக்கொள்ளாமல் குனிந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். இனிமேல் இந்த மனுஷன் எழுந்திருக்கமாட்டார் என்று நினைத்தாள். சொல்லிவிடலாம் என்றுகூட வாயைத் திறந்தாள்.

"காலைல பத்து இருந்துது" என்றார் அவர், மெதுவாக. "நான் எண்ணினேன்."

"ஆமா."

"மேடை ஏறறதுக்கு முன்னாடி நீ சட்டையை இழுத்தே."

அவள் திரும்பவில்லை.

"அப்ப விழுந்துது." குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "நீ இழுத்தே, விழுந்துது. அன்னிக்கும் இப்படித்தான் இழுத்தே! சொருகு சொருகுன்னு இழுத்தே! நான் சொன்னேனா இல்லையா? ஏய், சொன்னேனா இல்லையா? முப்பது வருஷமாச் சொன்னேன். உன் கைதான்டி! உன் கைதான்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணப் புதிதில் சிரித்த சிரிப்பு. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. அவள் உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்பு அப்போதே போய்விடும்; கூடவே, அந்தப் பழைய ஊக்கும் மறுபடி யார் தப்பு என்று தெரியாமல் போய்விடும்.

"ஆமாங்க" என்றாள். "என் கைதான்."

அவர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். டீக்கடை, வொர்க்‌ஷாப், வாசல் காவல்காரர் என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. "நான் இல்லைய்யா, அவ! ரெண்டு தடவையும் அவதான்! அவளே ஒத்துக்கிட்டா, போய்க் கேளு!" போய்க் கேட்டார்கள். சிரித்தார்கள். மெக்கானிக் அவளிடமே வந்து, "ஏன்க்கா, இத்தனை நாளா பாவம் அந்த மனுஷனை நாங்க என்னவெல்லாம் சொல்லிட்டோம்" என்றார். இரண்டே நாளில் மகளுக்கும் சேதி போனது. வராதவள் வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகும்போது வாசலில் நின்று, "எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அம்மாவிடம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பேச்சை மகள் எடுக்கவே இல்லை.

சின்னவர் சொன்னபடி அறையை எழுதிக்கொடுத்தார். அதில் குறை வைக்கவில்லை. கிளப்புக்கு வெள்ளையடித்து, பழைய போட்டோக்களை மாட்டினார்கள். வீடு பார்க்க வருகிறவர்களைத் தரகர் கடைசியாக அந்த அறைக்கு அழைத்துவருவார். தடம் எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டுமே. அவர் வெள்ளைச் சட்டையில் ஊக்கு வரிசையோடு வாசலில் நாற்காலியில் தயாராக இருப்பார். ஓடுதளத்தில் தொடங்குவார்; பெரியவர், கோப்பை, பல் டாக்டர் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருவார். இப்போது கதைசொல்லி அவர். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை எத்தனை வருடம் எதிர்ப்பக்கத்தில் நின்று படித்திருக்கிறார்.

அவள் உள்ளே திரை தைத்துக்கொண்டிருப்பாள், கிளப் ஜன்னல்களுக்கு. கதை எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே மெஷினை மிதிப்பாள். சட்டையை இழுத்த இடம் வந்ததும் காலை எடுத்துவிடுவாள், எப்படியும் கூப்பிடப்போகிறார்.

"ஏய் ஒரு சுத்து! வெளியே வா. உன்னைப் பாக்கணுமாம்."

அவள் நூலை அறுத்து, ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். வாசலில் ஞாபகமில்லாமல் இடித்துக்கொண்டாள். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.